ஆறு பேர் படகை இருவர் ஓட்டினால்

ஐஎன்எஸ்வி தாரிணி 56 அடி நீளமுள்ள பாய்மரப் படகு. கோவாவில் கட்டியது. 2017 செப்டம்பரில் இந்தியக் கடற்படையின் பெண் அதிகாரிகள் ஆறு பேர் அதில் உலகைச் சுற்றக் கிளம்பி, 254 நாள் கழித்துத் திரும்பி வந்தார்கள். ஏழு வருஷத்துக்குப் பிறகு, 2024 அக்டோபர் 2 அன்று, அதே படகு கோவாவிலிருந்து மறுபடி உலகைச் சுற்றக் கிளம்பியது. இந்தத் தடவை படகில் இரண்டே பேர்: கோழிக்கோட்டுக்காரர் தில்னா, புதுச்சேரிக்காரர் ரூபா அழகிரிசாமி. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபாக்லாந்து தீவுகள், தென்னாப்பிரிக்கா என்று நான்கு இடங்களில் நின்று, 2025 மே 29 அன்று கோவா வந்து சேர்ந்தார்கள்.

படகு சிறுக்கவில்லை, பாய்மரமும் குட்டையாகவில்லை. கைகள் மட்டும் பன்னிரண்டிலிருந்து நான்காகிவிட்டன.

நான்கு என்பதுகூடக் காகிதக் கணக்குதான். இருவர் மட்டும் ஓட்டும் படகில் ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் தூங்கியாக வேண்டும். அப்படித் தூங்காவிட்டால் நான்காம் நாள் இருவருமே எதற்கும் உதவ மாட்டார்கள். ஆகவே நாளின் பெரும்பகுதி மேல்தளத்தில் இருப்பவர் ஒரே ஒருவர். இருவர் படகு என்பது உண்மையில் முறைவைத்து ஓடும் இரண்டு தனியாள் படகுகள். இதை ஒப்புக்கொண்டு கயிறு கட்டியவர்கள் பிழைத்தார்கள். "இன்னொரு ஆள் இருக்கிறாரே" என்ற தைரியத்தில் கட்டியவர்கள், நடு ராத்திரியில் அந்த இன்னொரு ஆளைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

இந்த விஷயத்தின் இரண்டு முனைகளையும் ஒரே பந்தயத்தில் பார்க்க வேண்டுமானால் 1976க்குப் போக வேண்டும். இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து அமெரிக்காவின் நியூபோர்ட்டுக்கு, அட்லாண்டிக்கைத் தனியாளாகக் கடக்கும் போட்டி. பிரெஞ்சுக்காரர் அலென் கோலா கொண்டுவந்த 'கிளப் மெடிட்டரானே' 72 மீட்டர் நீளம், நான்கு பாய்மரம். இதில் ஒரே ஒரு ஆள். கேட்டால் பைத்தியக்காரத்தனம் போலத் தோன்றும். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு நியாயமும் இருந்தது. ஒரே பெரிய பாயாக வைத்தால் ஒரு மனிதனால் அடக்க முடியாது, நான்கு மரங்களில் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றாகச் சமாளிக்கலாம் என்பது கணக்கு. அவருடைய எதிராளி எரிக் தபார்லி, 73 அடி 'பென் டுயிக் 6'-இல் வந்தார். அது ஒரு முழு அணி சேர்ந்து ஓட்டுவதற்காக, 1973-இன் உலகைச் சுற்றும் பந்தயத்துக்கென்று கட்டிய படகு. பாயை மாற்றவே பல கைகள் வேண்டும்.

நடந்தது இது. தபார்லியின் தானியங்கிச் சுக்கான் ஆரம்பத்திலேயே பழுதானது. படகைத் திருப்பிக் கொஞ்ச தூரம் ஊர் நோக்கியே ஓட்டிவிட்டு, மனசு மாறி மறுபடி மேற்கே திருப்பினார். கோலாவுக்கு ஆஞ்சான்கள் அறுந்தன. (நம் கடற்கரைச் சொல்தான்: பாயை மேலே ஏற்றும் கயிறு ஆஞ்சான், பாயின் பின்மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான்.) பாய் எத்தனை சிறியதாகப் பிரிந்திருந்தாலும் ஆஞ்சான் இல்லாமல் அது வெறும் துணி. நியூஃபவுண்ட்லாந்தில் கரை சேர்ந்து, கயிறுகளைச் சரிசெய்துகொண்டு, மறுபடி ஓடினார். அந்தத் தாமதத்தோடும் தபார்லிக்குச் சுமார் ஏழு மணி நேரம் பின்னால்தான் வந்தார். பிறகு தண்டனை நேரம் சேர்த்து அவரை இன்னும் கீழே இறக்கினார்கள். அடுத்த போட்டியில், 1980-இல், படகின் நீளத்துக்கே உச்சவரம்பு வந்தது: 56 அடி. தாரிணியின் நீளமும் அதேதான். தற்செயல், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பாயைப் பிரித்துப் போட்ட கோலாவின் யோசனை தவறில்லை. ஆனால் பாய்மரம் கூடினால் ஆஞ்சான் கூடும், கப்பி கூடும், உரசி அறுபடும் இடமும் கூடும். குறைந்த ஆள் படகில் எந்த வசதியும் தொல்லையை ஒழிப்பதில்லை. ஓரிடத்திலிருந்து தூக்கி வேறிடத்தில் வைக்கிறது. புது இடம் நம் கைக்கு எட்டுமா என்பதுதான் கேள்வி.

காற்றின் கணக்கு எளிது, ஆனால் இரக்கமில்லாதது. பாயின் மேல் விழும் விசை காற்று வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 20 நாட் காற்று (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) 28 ஆனால் விசை கிட்டத்தட்ட இரட்டிப்பு. 15 நாட் 30 ஆனால் நான்கு மடங்கு. காற்று பின்னாலிருந்து வரும்போது இதில் ஒரு வஞ்சகமும் சேர்கிறது. 22 நாட் காற்றில் படகு 8 நாட் வேகத்தில் முன்னோக்கி ஓடினால், மேல்தளத்தில் நிற்பவர் உணர்வது 14 தான். வெயில் முதுகில் படும், தேநீர் சிந்தாது, பாயைக் குறைக்கும் எண்ணமே வராது. ஏதோ ஒரு காரணத்துக்காகப் படகைக் காற்றை நோக்கிச் சரிவாகத் திருப்பினால், ஓடும் வேகமும் காற்றோடு சேர்ந்துகொண்டு முகத்தில் 28 வந்து அறையும். 14 இருந்த இடத்தில் 28: நான்கு மடங்கு. ஆறு பேர் இருந்தால் சத்தம் போட்டு ஓடி வந்து சமாளிப்பார்கள். ஒரே ஆள் இருந்தால், அந்த நேரத்தில் முழுப் பாயும் மேலே இருக்கக் கூடாது என்பதை முன்னமே யோசித்திருக்க வேண்டும்.

சரி, பாயைக் குறைப்பது எப்படி? பெரும்பாயின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் குறிப்பிட்ட உயரங்களில் பலமான வளையங்கள் தைத்திருப்பார்கள். பாயைக் கொஞ்சம் இறக்கி, அந்த வளையங்களை அடிக்கட்டையோடு, அதாவது பூமோடு, இழுத்துப் பிணைத்துவிட்டால் பாயின் அடிப்பகுதி மடிந்து, பரப்பு சிறுத்துவிடும்; இது ஒரு மடிப்பு. முதலில் தாமானைத் தளர்த்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கயிற்றையும் விட வேண்டும். ஆஞ்சானைத் தளர்த்திப் பாயை இறக்க வேண்டும், ஆனால் அளவாக. முன்வளையத்தைப் பாய்மரத்தடிக் கொக்கியில் மாட்டி, ஆஞ்சானைத் திரும்ப முறுக்கேற்ற வேண்டும். அதற்கப்புறம்தான் பின்வளையத்தின் கயிற்றை இழுப்பது. கடைசியில் தாமான்.

வரிசை மாறினால் பாய் கிழியும். முன்பக்கம் இறுகும் முன்னே பின்பக்கத்தை இழுத்தால் துணி கோணலாக இழுபட்டு, பாய்மரத்தோடு ஓடும் தடத்தில் சிக்கும். இன்னொரு தப்பும் உண்டு. மடிந்த பகுதி தொங்காமல் இருக்கச் சின்னக் கயிறுகளால் பூமைச் சுற்றிக் கட்டுவார்கள். காற்று தணிந்து பாயை மறுபடி ஏற்றும்போது அதில் ஒன்றை அவிழ்க்க மறந்துவிட்டால், ஏறும் பாயின் பாரம் முழுதும் அந்த ஒற்றைத் துளையில் விழும். பகலில் இந்தத் தப்பு நடப்பது அபூர்வம். மறதி பெரும்பாலும் ராத்திரியில்தான்.

இத்தனை வேலையும் மூன்று இடங்களில் நடக்கிறது: ஆஞ்சானும் முன்வளையமும் பாய்மரத்தடியில், பின்வளையத்துக் கயிறு பூமில், தாமான் பின்பக்கம் சுக்கானுக்கு அருகில். ஆறு பேர் படகில் இடத்துக்கு ஒரு ஆள் நின்று, ஒருவர் குரல் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் முடியும். தனி ஆள் ஆடும் தளத்தில் மூன்று இடத்துக்கும் மாறி மாறி நடக்க வேண்டும். இங்கேதான் படகோட்டிகளுக்குள் தீராத சண்டை ஒன்று வருகிறது. எல்லாக் கயிற்றையும் கப்பிகள் வழியாகப் பின்னே கொண்டுவந்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே இழுப்பதா? இல்லை, எல்லாவற்றையும் பாய்மரத்தடியிலேயே வைத்துக்கொண்டு, ஒரே தடவை அங்கே போய் வேலையை முடித்து வருவதா?

உட்கார்ந்த இடம்தான் பாதுகாப்பு என்று தோன்றும். பாதி உண்மை. மீதிப் பாதி உராய்வில் இருக்கிறது. ஒரு கப்பி இழுப்பில் பத்தில் ஒரு பங்கைத் தின்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பூமின் முனையில் ஒன்று, பூமுக்குள் ஒன்று, மரத்தடியில் ஒன்று, தளத்தில் இரண்டு மூன்று என்று ஆறு கப்பி தாண்டினால், 100 கிலோ இழுப்பு மறுமுனையில் 53 கிலோவாகத்தான் போய்ச் சேரும். முன்வளையம், பின்வளையம் இரண்டையும் ஒரே கயிற்றால் இழுக்கும் ஏற்பாடு கடைக்காரர் மேசையில் பார்க்க ரொம்ப அழகாக இருக்கும். மூன்றாம் மடிப்புக்குப் போகும்போது அதே கயிறு எங்கேயோ பிடித்துக்கொண்டு வராது. எங்கே பிடித்திருக்கிறது என்று பார்க்க, எந்த நடையைத் தவிர்க்கத்தான் இத்தனை கப்பி வைத்தோமோ அந்த நடையை, முன்பைவிட மோசமான வானிலையில், நடக்க வேண்டும்.

என் கட்சி: எங்கே வைத்தாலும் சரி, ஒரே இடத்தில் வையுங்கள். ஆஞ்சான் பின்னால், கொக்கி மட்டும் முன்னால் என்ற பாதி ஏற்பாடுதான் எல்லாவற்றிலும் கெட்டது. முன்னே போய் வளையத்தை மாட்டிவிட்டு, பின்னே வந்து ஆஞ்சானை இழுப்பதற்குள் வளையம் கழன்றிருக்கும். திரும்பவும் முன்னே. பின்னாலிருந்துதான் இழுக்க வேண்டும் என்றால் முன்வளையத்துக்குத் தனிக் கயிறு, பின்வளையத்துக்குத் தனிக் கயிறு, இரண்டுக்கும் நல்ல குண்டுருளைக் கப்பி. ஆஞ்சானில் ஒவ்வொரு மடிப்புக்கும் எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே தடித்த நூலால் வரிந்து தைத்த அடையாளம். நிறத்தால் குறி வைத்தால் இருட்டில் தெரியாது. நூல் புடைப்பு விரலுக்குத் தெரியும். ஒரு புடைப்பு முதல் மடிப்பு, இரண்டு புடைப்பு இரண்டாவது. செலவு ஒன்றுமில்லை, ஊசியும் நூலும்தான்.

கைப்பிடியால் சுற்றிக் கயிற்றை இழுக்கும் உருளையான வின்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். 40 என்ற எண் போட்ட வின்ச் கையின் விசையைக் கிட்டத்தட்ட நாற்பது மடங்காக்கித் தரும். 20 கிலோ அழுத்தினால் கயிற்றில் 800 கிலோ. தனி ஆள் பெரிய படகை ஓட்ட முடிவதே இதனால்தான். ஆனால் கைக்கு எட்டிய செய்தியை அது மறைத்துவிடுகிறது. வெறுங்கையால் இழுக்கும்போது கயிறு எங்கோ சிக்கியிருப்பது உடனே தெரியும்; வின்சில் கொஞ்சம் கனமாக இருக்கிறதே என்று மட்டும் தோன்றும், இன்னும் ஒரு சுற்று சுற்றுவோம். மின்சார வின்சில் அதுவும் தோன்றாது, பொத்தானுக்குக் கனம் ஏது? பொத்தானை அழுத்தும்போது கண் கயிற்றில் இருக்கக் கூடாது, மறுமுனையில் நகர வேண்டிய பொருளின் மேல் இருக்க வேண்டும் என்பது பழகியவர்கள் புதியவருக்குச் சொல்லும் முதல் பாடம்.

முன்பாயின் கதை வேறு. அந்தக் காலத்தில் காற்று ஏறினால் ஒருவர் அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்குப் போய், ஈர மேல்தளத்தில் மண்டியிட்டு, பெரிய பாயைக் கொக்கி கொக்கியாகக் கழற்றி, சின்னப் பாயை மாட்டுவார். அணியம்தான் படகிலேயே அதிகம் குதிக்கும் இடம். இப்போது ஏறக்குறைய எல்லாப் படகிலும் முன்பாய் ஒரு சுருள். பின்னாலிருந்து ஒரு கயிற்றை இழுத்தால், வீட்டு ஜன்னல் திரை போலத் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். குறைந்த ஆள் படகோட்டத்தை ஊரறியச் செய்தது இந்தச் சுருள்தான் என்று சொன்னால் தப்பில்லை.

தொல்லை இங்கேயும் இடம்தான் மாறியது. பாதி சுருட்டிய பாயின் நடுப்பகுதி பை போலப் புடைக்கும்; காற்றை எதிர்த்து ஏறப் பாய் தட்டையாக இருக்க வேண்டிய நேரத்தில் இப்படி. சுருட்டும் கயிறு புயலில் அறுந்தால் பாய் முழுதும் ஒரே நொடியில் விரிந்துகொள்ளும். நூறு பேர் இருந்தாலும் அப்போது அதை இறக்குவது கஷ்டம். இன்னொன்று மரத்தின் உச்சியில், கண்ணுக்கு எட்டாத இடத்தில் நடப்பது. பாய்மர உச்சியிலிருந்து அணியத்துக்கு வரும் முன்கம்பியோடு ஆஞ்சான் ஒட்டினாற்போல ஓடினால், பாய் சுழலும்போது அதுவும் சேர்ந்து கம்பியைச் சுற்றிக்கொள்ளும். சுருள் நகராது. இங்கே வின்சைப் போட்டு இழுப்பவர்கள் உண்டு. கம்பியின் புரிகள் பிரிந்து, சில சமயம் கம்பி அறுந்து, பாய்மரமே பின்னால் சாய்ந்துவிடும். சுருட்டும் கயிறு கையால் வரவில்லை என்றால் வின்சைத் தொடாமல் மேலே அண்ணாந்து பாருங்கள்.

அதனால்தான் தூரக்கடல் போகிறவர்கள் சுருளுக்குப் பின்னால் இரண்டாவது முன்கம்பி ஒன்றை வைத்து, சின்னதாக, தடித்த துணியில் ஒரு பாயைத் தயாராக வைத்திருப்பார்கள். காற்று ஏறினால் பெரிய சுருளை முழுக்க மூடிவிட்டு, சின்னதை ஏற்றுவது. 2022-23 கோல்டன் குளோப் பந்தயத்தில், நவீனக் கருவி எதுவும் இல்லாமல் தனியாக உலகைச் சுற்றி முதலில் வந்த கிர்ஸ்டன் நாய்ஷேஃபரின் 'மின்னஹாஹா' இப்படி இரண்டு முன்பாய் கொண்ட படகுதான்.

முன்பாய்க்கு இன்னொரு விடையும் இருந்தது: அது இல்லாமலே ஓட்டுவது. பிளாண்டி ஹேஸ்லர் என்ற பிரிட்டிஷ் மரீன் படை அதிகாரி தன்னுடைய 25 அடி 'ஜெஸ்டர்' படகில் சீன ஜங்குக் கப்பலின் பாயைப் பொருத்தினார். பாய் முழுக்கக் குறுக்குச் சட்டங்கள். ஆஞ்சானை விட்டால் விசிறி மடிவது போலச் சட்டம் சட்டமாகக் கீழே வந்து தானே அடங்கும். எல்லாக் கயிறும் தளத்தின் நடுவிலுள்ள ஒரு வட்டத் திறப்புக்கு வரும். அதில் இடுப்பளவு நின்றுகொண்டே, மேல்தளத்தில் காலே வைக்காமல், பாயை ஏற்றலாம், இறக்கலாம். 1960-இல் நடந்த முதல் அட்லாண்டிக் தனியாள் போட்டியில் 48 நாளில் இரண்டாவதாக வந்தார். 40 நாளில் வந்து முதலிடம் பிடித்த பிரான்சிஸ் சிச்செஸ்டரின் படகு அதைவிட மிகப் பெரியது. காற்றை எதிர்த்து ஏறுவதில் ஜங்குப் பாய் கொஞ்சம் மந்தம் என்பதால் பந்தயக்காரர்கள் அதைத் தொடவில்லை. எனக்கு அது அநியாயமாகத்தான் படுகிறது.

அந்த 1960 போட்டி விட்டுப்போன பெரிய சொத்து காற்றால் இயங்கும் தானியங்கிச் சுக்கான். குறைந்த ஆள் படகில் மூன்றாவது ஆள் இதுதான், சாப்பிடாது, தூங்காது. பின்புறம் ஒரு மெல்லிய பலகை காற்றில் நிற்கும். படகு திசை மாறினால் காற்று பலகையைச் சாய்க்கும். அந்தச் சாய்வு தண்ணீருக்குள் தொங்கும் துடுப்பைத் திருப்பும். ஓடும் தண்ணீர் அந்தத் துடுப்பைப் பக்கவாட்டில் தள்ள, அதில் கட்டிய கயிறு சுக்கான் பிடியை இழுக்கும். மின்சாரம் வேண்டாம். காற்று கூடினால் அதன் பலமும் கூடும்.

ஆனால் அதற்கும் பாய்க்கும் உறவு உண்டு. பெரும்பாய் அளவுக்கு மீறி நின்றால் படகு காற்றை நோக்கித் திமிறும், சுக்கான் ஓயாமல் எதிர்த்துப் போராடும், கடைசியில் ஏதாவது ஒன்று உடையும். தானியங்கிச் சுக்கான் திணறுகிறது என்றால் ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் பெரும்பாயில் ஒரு மடிப்புப் போட்டுப் பார்க்க வேண்டும். இதன் மறுபக்கத்தை ஆங்கிலேயப் படகோட்டி ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் காட்டினார். மும்பையில் தேக்கால் கட்டிய அவருடைய 32 அடி 'சுஹைலி' 1968 ஜூனில் கிளம்பியது. ஆஸ்திரேலியா பக்கம் போகும்போது தானியங்கிச் சுக்கான் உடைந்தே போனது. மிச்சத் தூரம் முழுக்க, இரண்டு பாய்மரத்தின் பாய்களையும் ஒன்றுக்கொன்று ஈடாக வைத்து, சுக்கான் பிடியைக் கட்டிப்போட்டு, படகைத் தானே நேராக ஓட வைத்தார். 1969 ஏப்ரல் 22 அன்று திரும்பினார், நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் ஆளாக. ஐம்பது வருஷத்துக்கு மேல் கழித்து, இந்தியக் கடற்படை அதிகாரியாக இருந்த அபிலாஷ் டோமியும் இதே தொல்லையில் மாட்டினார். 2022-23 கோல்டன் குளோப் பந்தயத்தில் தானியங்கிச் சுக்கானின் துடுப்புக்கு மாற்று இல்லாமல், படகின் கழிப்பறைக் கதவையே அறுத்துச் செய்துகொண்டு இரண்டாவதாக வந்தார்.

அதே டோமி 2018-இன் கோல்டன் குளோப் பந்தயத்தில் 'சுஹைலி'யின் நகலான 'துரியா'வில் போனபோது, தெற்கு இந்தியப் பெருங்கடலில் படகு கவிழ்ந்து பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பு அடிபட்டுக் கிடந்தவரை பிரெஞ்சு மீன்வளக் காவல் கப்பல் வந்து மீட்டது. அந்தப் பந்தயத்தில் மட்டும் ஐந்து பாய்மரங்கள் போயின. முதலில் வந்த ழான்-லுக் வான் டென் ஹீடுக்கும் தப்பவில்லை. அவருக்கு வயது 73. பசிபிக்கில் ஒரு அலை படகைப் புரட்டியதில், பக்கக் கம்பிகளைப் பாய்மரத்தோடு பிணைக்கும் போல்ட் மரத்தைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. ஒவ்வொரு தடவையும் கடல் கொஞ்சம் அடங்கும் நேரம் பார்த்து மரத்தில் ஏறி, கயிற்றால் வரிந்து கட்டி, அதற்கப்புறம் பாயைக் குறைத்தே வைத்துக்கொண்டு பிரான்ஸ் வரை வந்தார். கம்பிகள் பெரும்பாலும் முனையில்தான் போகும், நடுவில் அல்ல. கம்பி பொருத்துக்குள் நுழையும் இடத்தில் உப்புத் தண்ணீர் தேங்கி, உள்ளேயே அரித்து, ஒரு இழை முதலில் விடும். பஞ்சை வைத்துத் தடவினால் அறுந்த இழை நாரைப் பிடித்து இழுக்கும். துறைமுகத்தில் பத்து நிமிஷ வேலை.

இனி இருவர் படகுக்கே உரிய ஒரு சிக்கல். மேலே நிற்பவர் கீழே தூங்குபவரை எப்போது எழுப்புவது? காற்று ஏறுகிற மாதிரி இருக்கிறது. எழுப்பினால் அவருக்கு இரண்டு மணி நேரத் தூக்கம் போகும். கொஞ்சம் பொறுப்போம். இன்னும் கொஞ்சம். முழுப் பாயோடு மாட்டிக்கொள்ளும் கதைகளில் பாதி இந்த மரியாதையில்தான் தொடங்குகின்றன. அலுத்துப்போய், எழுப்பாமல் தானே முன்னால் போவது இதைவிட மோசம். 1998 ஜூனில் ஒரு ராத்திரி, ஐரிஷ் கடலில், பாயைக் குறைக்கும் வேலையில் இருந்தபோது, பாயின் மேல்கட்டை அடித்துக் கடலில் விழுந்தார் ஒருவர். இடுப்பில் பாதுகாப்புக் கயிறு இல்லை. படகில் வேறு ஆட்கள் இருந்தும் அவரைத் திரும்ப எடுக்க முடியவில்லை. விழுந்தவர் எரிக் தபார்லி. 73 அடிப் படகைத் தனியாக அட்லாண்டிக் கடத்திய அதே மனிதர்.

அதனால் பல இணைகள் முடிவெடுப்பதையே நேரத்திடம் விட்டுவிடுகிறார்கள். காவல் மாறும் நேரம் இருவரும் விழித்திருக்கும் ஒரே நேரம். பாயைக் குறைப்பதும், காற்று வாங்கும் பக்கத்தை மாற்றுவதும் அப்போதே. பொழுது சாயும் காவல் மாற்றத்தில், வானம் தெளிவாக இருந்தாலும், ஒரு மடிப்பு போட்டுவிடுவது. ராத்திரி முழுக்கக் காற்று ஏறாமலே போனால் வேகத்தில் ஒரு நாட் இழப்பு. காலையில் மாற்றத்துக்கு வருபவர் கையில் தேநீரோடு மேலே வந்து, நூல் புடைப்பை விரலால் தடவிப் பார்த்து, "அவிழ்த்துவிடலாமா?" என்று கேட்பார்.